இராணித் தேனீயும் எங்கள் வண்டும்



இலக்கியத் தொடரொன்றில் விளையாட்டு விமானத்துக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கக்கூடும். தமிழ் கற்பிக்கும் ஒருவன் மரச்சிறகையும் மோட்டாரையும் பற்றிப் பேசப் புகுவது சற்று விநோதமாகவே தோன்றும். ஆயினும் நான் இன்று சொல்ல வருவது ஒரு சொல்லின் வரலாறு. அந்தச் சொல்லை எங்கள் மக்கள் எந்த அகராதியையும் புரட்டாமல் ஆக்கிக்கொண்டார்கள். அதன் உடன்பிறப்பு ஒன்று ஆங்கில மொழியில் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே பிறந்திருந்தது. இவ்விரண்டு சொற்களும் உறவினர் என்பதை நான் அறிந்துகொண்ட இடம் நூலகமன்று. இலண்டனில் என் அண்ணனின் வீட்டுக் கோடியிலுள்ள சிறிய மரக்கொட்டில்.

2018ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில் அண்ணன் என்னை அங்கு அழைத்திருந்தார். அவர் ஊரைவிட்டுப் புறப்பட்டது 1988இல். அப்போது எனக்கு ஒன்பது வயது. தைப்பொங்கல் காலத்தில் எங்கள் ஒழுங்கையில் அவர் கட்டும் பட்டத்துக்கு நிகர் கிடையாது. மூங்கிலைச் சீவிச் சமன்பார்த்து, முச்சை கட்டி, தலைப்பில் விண் பூட்டி ஏற்றினால் இரவு முழுவதும் அது வானத்தில் நின்று கூவும். பாயில் படுத்தபடி அந்தக் கூவலைக் கேட்டுக்கொண்டே உறங்கிப்போவேன். வானத்திலிருந்து வரும் ஒலி என்றால் என் மனத்தில் முதலில் பதிந்தது அதுதான்.

மின்வேலை செய்து பிழைக்கும் அண்ணன் ஐம்பதை அண்டிய வயதில் மீண்டும் பறப்பனவற்றின்மீது ஆசை கொண்டிருந்தார். இம்முறை பட்டம் அல்ல. வானொலி அலைகளால் இயக்கப்படும் இரட்டைச்சிறகு விமானம். கொட்டிலின் நடுவேயிருந்த நீண்ட மேசையில் வரைபடத்தை விரித்து, அதன்மேல் மெல்லிய பொலித்தீனைப் போர்த்து, குண்டூசிகளால் மரச்சட்டங்களைப் பொருத்தியிருந்தார்.

“இது ரைகர் மொத், தம்பி. இது பிறந்த இடம் இஞ்சையிருந்து கிட்டத்தான். பின்னேரம் நடந்து போய்ப் பாப்பம்” என்றார்.

அவர் சொன்னது உண்மையே. எட்ஜ்வெயர்ப் பகுதியில் ஸ்ராக் லேன் என்றொரு வீதி உண்டு. 1920இல் ஜெப்ரி டி ஹவிலண்ட் என்ற பொறியியலாளர் தமது விமானக் கம்பனியை அங்கிருந்த பறப்புத்திடலில் நிறுவினார். ஏமி ஜோன்சன் என்ற பெண்மணி விமானம் ஓட்டக் கற்றதும் அத்திடலில்தான். 1930இல் டி ஹவிலண்டின் ஜிப்சி மொத் விமானமொன்றில் தன்னந்தனியே இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியாவுக்குப் பத்தொன்பது நாட்களில் பறந்து சென்றவர் அவர். நகரம் பெருகப் பெருக அத்திடலில் வீடுகள் முளைத்தன. பின்னர் அது மூடப்பட்டது. இன்று அங்கே விமானத்தை நினைவூட்டுவன வீதிப் பெயர்களே: டி ஹவிலண்ட் வீதி, ஏமியின் கணவரான விமானி ஜிம் மொலிசனின் பெயரால் மொலிசன் வே. சுற்றுவட்டாரத்தில் எம்மவர் பலர் குடியிருக்கின்றனர். கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் விற்கும் கடையைக் கடந்துதான் நாங்கள் அந்த வரலாற்றுத் தலத்தை அடைந்தோம்.

டி ஹவிலண்டுக்கு இளமை முதலே பூச்சியினங்களில் ஈடுபாடு உண்டு. 1925இல் அவர் ஆக்கிய சிறிய இரட்டைச்சிறகு விமானத்தின் சிறகுகளைப் பின்புறமாக மடிக்கலாம். மடித்தால் விட்டிற்பூச்சி அமர்ந்திருப்பது போலிருக்கும். எனவே அதற்கு விட்டில் எனப் பொருள்படும் ‘மொத்’ என்ற பெயரையே சூட்டினார். பின்வந்த பல விமானங்களும் விட்டில் குடும்பத்தையே சேர்ந்தன. அவற்றுள் புகழ்பெற்றது ரைகர் மொத். வரிவரியான சிறகுடைய ஒருவகை விட்டிலின் பெயர் அது. 1931ஆம் ஆண்டு ஒக்டோபர் 26ஆம் திகதி ஸ்ராக் லேனில் அது முதன்முறையாகப் பறந்தது.

அண்ணனின் மேசையிலிருந்த வரைபடத்தில் ஒரு விடயம் என் கண்ணை உறுத்தியது. மேற்சிறகும் கீழ்ச்சிறகும் நேராக நில்லாமல் நுனிகள் பின்னோக்கிச் சாய்ந்திருந்தன. அழகுக்காகவோ என்று கேட்டேன். அண்ணன் சிரித்தார். விமானப்படை இதைப் பயிற்சி விமானமாகக் கேட்டபோது ஒரு நிபந்தனை விதித்ததாம். முன்னிருக்கையில் இருப்பவர் ஆபத்து நேரத்தில் பரசூட்டுடன் தடையின்றி வெளியேற வேண்டும். பழைய மொத்தின் மேற்சிறகு அவருடைய தலைக்குமேல் குறுக்கே நின்றது. ஆகவே மேற்சிறகின் நடுப்பகுதியை முன்னே தள்ளினார்கள். சமநிலை குலைந்தது. அதைச் சீராக்கச் சிறகுகளைப் பின்னோக்கிச் சாய்த்தார்கள். ஒரு மனிதன் உயிர் தப்புவதற்கு வழிவிட்டதனால் வந்த வடிவம் அது. பின்னால் நான் சொல்லப்போகும் செய்திக்காக இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆறு கிழமைகளில் நான் அண்ணனின் எடுபிடியாக இருந்தேன். உண்மை விமானத்தின் சிறககலம் 8.94 மீற்றர். அண்ணனுடையது ஐந்தில் ஒரு பங்கு. ஏறத்தாழ 1.79 மீற்றர். நீளம் ஐந்தில் ஒன்றானால் பரப்பு இருபத்தைந்தில் ஒன்றாகும், கனவளவு நூற்றிருபத்தைந்தில் ஒன்றாகும். இதை அவர் எனக்குக் கரும்பலகையில் எழுதுவதுபோல ஒரு பலகைத் துண்டில் எழுதிக் காட்டினார். முழுச்சுமையுடன் 828 கிலோவரை எடையுள்ள விமானத்தின் பிரதி, பெற்றோல் ஊற்றிய பின்னும் ஐந்து கிலோவளவில் நின்றது.

சிறகின் விலா எலும்புகளைப் பல்சா மரத்தில் வெட்டினோம். தென்னமெரிக்காவின் எக்குவடோர் நாட்டிலிருந்து பெருமளவில் வருகின்ற மரம் அது. கையிலெடுத்தால் முள்முருக்கந் தடியைவிட இலேசாக இருக்கிறது. விலாக்களை நீள்சட்டங்களில் கோத்தபோது ஒவ்வொன்றையும் அண்ணன் மூலைமட்டம் வைத்துப் பார்த்தார். அரை மில்லிமீற்றர் பிசகினாலும் பிரித்து மீண்டும் ஒட்டினார். இரட்டைச்சிறகு விமானத்தில் ஒரு சிறகின் பிழை மற்றச் சிறகுக்கும் போகும். இரண்டும் தாங்குகோல்களாலும் குறுக்குக் கம்பிகளாலும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பதால், தனித்தனியே மெலிந்த சட்டங்கள் சேர்ந்து ஒரு பாலத்தின் வலுவைப் பெறுகின்றன. ஆரம்பகால விமானங்கள் பெரும்பாலும் இரட்டைச்சிறகாக அமைந்தமைக்கு இந்த வலுவே முக்கிய காரணம்.

எலும்புக்கூடு முடிந்ததும் துணி போர்த்தல். அக்காலத்தில் உண்மை விமானத்தின் சிறகுக்குத் துணி போர்த்து, ‘டோப்’ என்னும் பூச்சைப் பூசி, அது காயக் காயத் துணி மேளத்தோல் போல இறுகும்படி செய்தார்கள். அண்ணனிடம் இருந்தது சூட்டில் சுருங்கும் துணி. சிறிய ஸ்திரிக்கைப்பெட்டியால் தடவத் தடவச் சுருக்கங்கள் மறைந்து சிறகு விறைத்தது. விரலால் தட்டிப் பார்த்தேன். எங்கள் பட்டத்தின் ரிசுத்தாளைத் தட்டும்போது எழும் அதே ஓசை.

ரைகர் மொத் எண்ணாயிரத்துக்கும் அதிகமாகக் கட்டப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஒக்ஸ்போர்ட் நகரிலிருந்த மொறிஸ் மோட்டார்க் கார்த் தொழிற்சாலையே மூவாயிரத்துக்கு மேல் கட்டியது. பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளில் பல்லாயிரம் இளைஞர் முதன்முதலில் வானேறியது இவ்விமானத்திலேயே. போர் ஓய்ந்த பின் வேண்டாப் பொருளாக மலிவாக விற்கப்பட்டபோது அவற்றை வாங்கியவர்கள் அவற்றைக் கொண்டு வானத்தில் கரணம் போட்டார்கள். 1956இல் நோர்மன் ஜோன்ஸ் என்பவர் ‘ரைகர் கிளப்’ என்ற சங்கத்தையே இதற்காக நிறுவினார். சில விமானங்களின் முன்னிருக்கையை மூடி, தலைகீழாகப் பறக்கும்போதும் எஞ்சினுக்கு எரிபொருள் கிடைக்கும்படி மாற்றியமைத்து, அவற்றுக்குப் பிஷப், ஆர்ச் பிஷப், டீக்கன், கனன் என்று திருச்சபைப் பட்டங்களைப் பெயராக இட்டார்கள். அவற்றுள் ஒன்றின் சாயலையே அண்ணன் தமது மாதிரிக்குத் தேர்ந்திருந்தார்.

இனி வானொலிக்கு வருகிறேன். எனது குரலை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவரும் அலைக்கு ஒரு கட்டளையையும் கொண்டுசெல்லத் தெரியும். 1898இலேயே நிக்கொலா தெஸ்லா நியூயோர்க்கில் ஒரு சிறு படகை வானொலி அலையால் ஓட்டிக்காட்டினார். அமெரிக்காவின் கலமசூ நகரைச் சேர்ந்த வோல்ரர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டைச் சகோதரர்கள் 1937ஆம் ஆண்டளவில் மாதிரி விமானமொன்றை வானொலியால் இயக்கினார்கள். ஒருவர் மாதிரி விமானம் கட்டுவதில் வல்லவர், மற்றவர் வானொலியில் வல்லவர். ‘கவ்’ என்று பெயரிட்ட அவ்விமானத்தால் 1938, 1939, 1940 ஆகிய மூன்று ஆண்டுகளும் தேசியப் போட்டியில் வென்றார்கள். அது இன்று ஸ்மித்சோனியன் அரும்பொருளகத்தில் இருக்கிறது. அண்ணன் இவர்களைப்பற்றிச் சொல்லும்போது “அண்ணன் தம்பி சேந்து செய்தால் எல்லாம் பறக்கும்” என்று முடித்தார். முப்பது வருடமாக நாங்கள் சேர்ந்து எதையும் செய்ததில்லை என்பதை இருவரும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் என்னை இலண்டன் கொல்னி என்னும் ஊரிலுள்ள டி ஹவிலண்ட் விமான அரும்பொருளகத்துக்குக் கூட்டிச் சென்றார். அங்கே ரைகர் மொத் போலவே ஒரு விமானம் நின்றது. அதன் பெயர் குவீன் பீ, அதாவது இராணித் தேனீ என்றார் அண்ணன். அதன் கதையைக் கேட்டபோது எனக்கு உள்ளூரச் சில்லென்றது.

1930களின் தொடக்கத்தில் பிரித்தானியக் கடற்படைக்கும் தரைப்படைக்கும் ஒரு கேள்வி எழுந்தது. வானத்தில் பறக்கும் விமானத்தைப் பீரங்கியால் வீழ்த்த எமது வீரர்களால் முடியுமா? சோதித்துப் பார்க்க விமானம் வேண்டும். ஆனால் விமானி இருக்கும் விமானத்தைச் சுட முடியாது. முதலில் வேறோர் இனப் பெரிய விமானங்கள் சிலவற்றை வானொலியால் இயங்கும்படி மாற்றிப் பரீட்சித்தார்கள். சுட்டுத் தள்ளுவதற்கு அவை விலைகூடியவை. எனவே டி ஹவிலண்ட் கம்பனி ரைகர் மொத்தின் சிறகையும், உருக்குக் குழாய் உடலுக்குப் பதிலாக மொத் மேஜர் என்ற விமானத்தின் மர உடலையும் சேர்த்து ஒரு மலிவான விமானத்தை ஆக்கியது. மர உடலுக்கு இன்னொரு வசதி, கடலில் விழுந்தாலும் மிதக்கும். 1935இல் பறந்த இதுவே இராணித் தேனீ. ஏறத்தாழ நானூறு கட்டப்பட்டன.

அதை இயக்கிய முறைதான் வியப்புக்குரியது. தரையில் நின்றவர் பழைய ரெலிபோனில் இலக்கம் சுழற்றுவதுபோல ஒரு தட்டைச் சுழற்றினார். சுழற்றிய இலக்கத்துக்கேற்ற துடிப்புகள் வானொலியலையாகச் சென்றன. ஒரு இலக்கத்துக்கு இடப்புறம் திரும்பும், வேறொன்றுக்கு மேலேறும், இன்னொன்றுக்குத் தாழும். விமானி அமரவேண்டிய பின்னிருக்கையில் அக்கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் கருவிகள் இருந்தன. 1941 ஜூன் 6ஆம் திகதி பிரதமர் வின்ஸ்டன் சேர்ச்சில் இராணித் தேனீ ஒன்று ஏவப்படுவதைப் பார்த்து நிற்கும் புகைப்படம் புகழ்பெற்றது. அண்ணனின் கையிலிருந்த பெட்டியும் அடிப்படையில் அதே வேலையைத்தான் செய்கிறது. ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு முதல் இரு பங்கு வரை நீளும் துடிப்பு. அதன் நீளத்துக்கு ஏற்பச் சிறகிலும் வாலிலும் உள்ள மடல்கள் அசைகின்றன.

முன்னர் நான் மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னதை இப்போது நினைத்துப் பாருங்கள். மனிதன் குதித்துத் தப்புவதற்காக வளைத்த சிறகு, நான்கே ஆண்டுகளில் குதிப்பதற்கு எவருமில்லாத விமானத்துக்குப் பூட்டப்பட்டது.

இங்கேதான் சொல்லின் கதை தொடங்குகிறது. 1935இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி வில்லியம் ஸ்ராண்ட்லி பிரித்தானியாவில் இராணித் தேனீயின் பறப்பைக் கண்டார். நாடு திரும்பி, அதுபோன்ற விமானங்களை ஆக்கும் பணியை டெல்மர் பார்னி என்ற அதிகாரியிடம் ஒப்படைக்கச் செய்தார். பார்னியின் குழுவினர் தமது விமானத்தை ‘ட்ரோன்’ என்றழைத்தனர். ஆங்கிலத்தில் அது ஆண் தேனீயின் பெயர். இராணித் தேனீக்கு ஆண் தேனீ! மூத்த விமானத்துக்குச் செய்த மரியாதையாக அப்பெயர் வந்தது என்பர். இன்று உலகமெங்கும் வழங்கும் அச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் இன்னொரு பொருளும் உண்டு: ஓயாமல் ஒலிக்கும் ரீங்காரம்.

அன்று மாலை கொட்டிலில் அண்ணன் மரத்தை அரத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தபோது நான் சொன்னேன்:

“அண்ணா, நாங்கள் அதை வண்டு எண்டுதான் சொல்லுறனாங்கள்.”

“எதை?”

“ட்ரோனை. வன்னியிலை எல்லாரும் அப்பிடித்தான் சொன்னவை. ஆருக்கும் இந்த இங்கிலீசுக் கதை தெரியாது.”

அவருடைய கை நின்றுவிட்டது. 1987இன் குண்டுவீச்சு விமானங்களை அவருக்குத் தெரியும். வண்டைத் தெரியாது. அவர் போன பின்பே அது வந்தது.

2007இல் நான் வன்னியில் ஒரு பாடசாலையில் இளம் ஆசிரியனாக இருந்தேன். வேவு பார்க்கும் ஆளில்லா விமானம் உயரத்தில் சுற்றும். கண்ணுக்குச் சிலவேளை தெரியும், பெரும்பாலும் தெரியாது. காதுக்கு மட்டும் அந்த ‘ங்ங்’ என்ற ஒலி. பிள்ளைகள் முதலில் கேட்பார்கள். “சேர், வண்டு வந்திட்டுது” என்பார்கள். வண்டு சுற்றினால் பின்னால் கிபிர் வரக்கூடும் என்பது முதலாம் வகுப்புப் பிள்ளையும் அறிந்த இலக்கணம். கொப்பிகளை அப்படியே விட்டுவிட்டுப் பதுங்குகுழிக்குள் இறங்குவோம்.

ஒருநாள் உயர்தர வகுப்பில் குறுந்தொகையின் இரண்டாம் செய்யுளை நடத்தினேன். தருமியின் கதையோடு சேர்த்து நீங்கள் எல்லோரும் அறிந்த பாடல். தலைவன் தும்பியை விளித்துத் தலைவியின் கூந்தலைவிட மணமுள்ள பூ உண்டோ எனக் கேட்பது. “தும்பி என்பது வண்டு” என்று பொருள் சொன்னேன். பின்வாங்கிலிருந்த ஒரு மாணவி எழுந்து, குறும்பு ஏதுமின்றி, “எந்த வண்டு சேர்?” என்று கேட்டாள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஈராயிரம் ஆண்டுகளாகப் பூவோடும் தேனோடும் இசையோடும் சேர்த்தே எமது புலவர்கள் பாடிவந்த சொல் அது. அந்த வகுப்பில் அதற்கு முதற்பொருள் மாறியிருந்தது. நான் “பூவிலிருக்கிற வண்டு, பிள்ளை” என்றேன். அவள் இருந்துவிட்டாள். அவள் முகம் மறக்கவில்லை.

இதையெல்லாம் அண்ணனிடம் அதுவரை நான் சொன்னதில்லை. ரெலிபோனில் சொல்லக்கூடியவை அல்ல அவை. அவர் அரத்தாளை மேசைமேல் வைத்துவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “நான் உதைப் பறக்கவிடேக்கை நீ வரவேண்டாம், தம்பி” என்றார்.

நான் போனேன். ஊருக்குத் திரும்ப மூன்று நாட்கள் இருந்தன. நகருக்கு வெளியே, மாதிரி விமானச் சங்கமொன்றின் புல்வெளி. காற்று மெதுவாக வீசியது. எஞ்சினைக் கிளப்பியதும் ஒலி எழுந்தது. விமானம் புல்லில் ஓடி, வாலைத் தூக்கி, மெல்ல மேலேறியது. உயரம் போகப் போக ஒலி தேய்ந்து ரீங்காரமானது. என் தோள்கள் தாமாகவே குறுகின. கண்கள் தாழ்ந்து, நிலத்தில் பள்ளம் எங்கே என்று தேடின. பதினோரு ஆண்டுகளுக்குப் பின்னும் உடம்பு அந்த இலக்கணத்தை மறக்கவில்லை. அண்ணன் என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

விமானம் தாழ்ந்து வேகம் கூட்டி, மூக்கை நிமிர்த்தி, வானத்தில் ஒரு வட்டம் எழுதியது. உச்சியில் தலைகீழாக நின்ற கணத்தில் எஞ்சினின் ஒலி அடங்கிற்று. குறுக்குக் கம்பிகளில் காற்று உரசும் கூவல் காதில் விழுந்ததோ, விழுந்ததாக நான் நினைத்தேனோ, அறியேன். என் நினைவுக்கு வந்தது எங்கள் பட்டத்தின் விண்.

பழக்குவதற்கென்று அங்கே ஒரு வசதி உண்டு. ஆசிரியர் கையில் ஒரு பெட்டி, மாணவர் கையில் ஒரு பெட்டி. மாணவர் பிழைவிட்டால் ஆசிரியர் உடனே பொறுப்பெடுப்பார். அண்ணன் இரண்டாவது பெட்டியை என் கையில் தந்து, “மெல்லமாய் இடப்பக்கம்” என்றார். விரலை அசைத்தேன். தொலைவில் அந்தச் சிறிய விட்டில் சாய்ந்து திரும்பியது. திருப்பியவன் நான் என்பதால் அதைக் கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டியிருந்தது. ரீங்காரம் இருந்தது. நான் நிமிர்ந்தே நின்றேன்.

“பயந்தனியோ?” என்று இறக்கிய பின் கேட்டார்.

“ஓம், அண்ணா” என்றேன்.

“நானும்தான்” என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

நேயர்களே, இன்று நான் கற்பிக்கும் இந்துக் கல்லூரியில் அதே குறுந்தொகைச் செய்யுளை நடத்துகிறேன். தும்பி என்றால் வண்டு என்கிறேன். எந்த வண்டு என்று ஒருவரும் கேட்பதில்லை. இன்றைய பிள்ளைகளுக்கு ட்ரோன் என்பது கலியாண வீட்டிலும் கோயில் தேரிலும் மேலிருந்து படம்பிடிக்கும் கருவி. அதன் ஒலி கேட்டால் நிமிர்ந்து பார்த்துக் கையசைக்கிறார்கள். அவர்கள் அப்படிக் கையசைப்பதைக் காண எனக்கு மகிழ்ச்சியே. வண்டு தன் பூவுக்குத் திரும்பிவிட்டது என்று ஆறுதல் கொள்ளலாம்.

ஆனால் சொல்லின் வரலாற்றைப் பேணுவது தமிழாசிரியனின் கடன். சேர்ச்சில் பார்த்தது போன்ற இராணித் தேனீ ஒன்று அரும்பொருளகத்தில் நிற்கிறது. அமெரிக்கக் கடற்படையினர் இட்ட பெயர் உலக அகராதிகளில் ஏறிவிட்டது. அவர்களை அறியாமலே, வெறும் காதால் கேட்டு, அதே பூச்சியினத்தின் பெயரை அதே கருவிக்கு இட்ட எங்கள் பிள்ளைகளின் சொல்லும் எங்காவது பதியப்பட வேண்டாமா? வண்டு: பெயர்ச்சொல். பூவில் தேனுண்ணும் பூச்சி. அடுத்து, போர்க்காலத்தில் வன்னி மக்கள் ஆளில்லா வேவு விமானத்துக்கு இட்ட பெயர். அகராதி எழுதுவோர் இந்த இரண்டாவது வரியை விட்டுவிடாதிருக்க வேண்டும். அதைச் சொல்லவே, அக்கருவியை இயக்கிய அதே வானொலியலையின் துணையை இன்று நாடினேன்.